கேரளத்தில் தாலி, நெல்லையில் குடித்தனம்: எந்தப் பதிவு போதும்?

கொல்லத்திலோ திருவனந்தபுரத்திலோ கல்யாணம் முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ குடித்தனம் வைப்பவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்துவிடும். "அங்க பதிஞ்ச கல்யாணம் இங்க செல்லுமா அண்ணாச்சி?" ரேஷன் கார்டில் மனைவி பெயரைச் சேர்க்கும்போது வரும். வங்கியில் இருவர் பேரிலும் வீட்டுக்கடன் கேட்கும்போது வரும். துபாய்க்குக் குடும்ப விசா போடும்போது கட்டாயம் வரும்.

கேட்ட உடனே ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். கேரளச் சான்றிதழே போதும் என்பார் ஒருவர். எதற்கும் இங்கே பத்திர ஆபீஸில் இன்னொரு தடவை பதிந்து வைத்துக்கொள் என்பார் அடுத்தவர். நம்ம ஊர்க் கோயிலில் மறுபடி மாலை மாற்றி, அந்தத் தேதியைப் போட்டுப் பதிந்துவிடு என்பார் மாமா. சிறப்புத் திருமணச் சட்டத்தில் போட்டுவிட்டால் யாராலும் அசைக்க முடியாது என்பார் கோர்ட் வாசலில் நிற்கும் தெரிந்தவர். நாலுமே சட்டத்தில் இருக்கிற வழிகள்தான். ஆனால் நாலும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்குக் கேரளச் சான்றிதழே போதும்; அதை ஒழுங்காக வாங்கி, ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் வேலை. மாமா சொல்லும் மூன்றாவது வழி அநேகமாக எப்போதும் தவறு. நாலாவது வழி சிலருக்கு மட்டும் உண்மையாகவே தேவை. அவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த எல்லை தாண்டிய சம்பந்தம் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். புனலூரில் பெண் எடுத்தவரும், செங்கோட்டைக்குப் பெண் கொடுத்தவரும் அப்போது ஒரே சமஸ்தானத்துக்குள்தான் இருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு ஐயப்பனுக்கே மதுரை சௌராஷ்டிரர் வீட்டுப் பெண்தான். வருஷா வருஷம் மார்கழியில் பெண் வீட்டார் மதுரையிலிருந்து சீரோடு போய்த் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. மனுஷர்களுக்குத்தான் இந்தப் பாடு.

சரி, முதலில் கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி. செல்லும். ஒரு மாநிலத்தில் முறைப்படி நடந்த திருமணத்தை அடுத்த மாநிலம் தனியாக "ஏற்றுக்கொள்ள" வேண்டிய நிலையே நம் நாட்டில் இல்லை. இந்து திருமணச் சட்டம் 1955, சிறப்புத் திருமணச் சட்டம் 1954 இரண்டும் மத்தியச் சட்டங்கள். ஆரியங்காவு சோதனைச்சாவடியில் அவை நின்றுவிடுவதில்லை. முஸ்லிம்களின் நிக்காஹ் தனிச்சட்டத்தின்படி நடப்பது. மேலப்பாளையத்துக்கு எதுவோ அதுதான் கொல்லத்துக்கும். இது போக, அரசியலமைப்பின் 261-வது பிரிவு, மத்திய, மாநில அரசுகளின் பொதுச் செயல்களுக்கும் ஆவணங்களுக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் நாடு முழுவதும் முழு நம்பிக்கையும் மதிப்பும் தர வேண்டும் என்கிறது. கொல்லம் மாநகராட்சிப் பதிவாளர் எழுதிய பதிவேடு அப்படி ஒரு பொது ஆவணம். திருநெல்வேலியில் ஓர் அலுவலர் "இது வேற ஸ்டேட் சர்டிபிகேட்" என்று தள்ளிவைத்தால், அவர் தள்ளிவைப்பது அந்தப் பிரிவைத்தான்.

இதே மாதிரி வாசகம் அமெரிக்க அரசியலமைப்பிலும் உண்டு. ஆனால் அங்கே திருமணச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு வெள்ளை இளைஞரும் கறுப்பினப் பெண்ணும் 1958-ல் வாஷிங்டன் போய்ச் சட்டப்படி மணந்து ஊர் திரும்பினார்கள். சில வாரங்களில் போலீஸ் அவர்கள் படுக்கையறைக்கே வந்தது. சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழ் அவர்களைக் காப்பாற்றவில்லை. 25 வருஷம் வர்ஜீனியாவுக்குள் சேர்ந்து வரக்கூடாது என்பது தண்டனை. லவ்விங் வழக்கு என்று பேர்பெற்ற அந்த வழக்கில் 1967-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனம் தாண்டிய கல்யாணத்தைத் தடுத்த அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. நம் நாட்டில் சட்டம் அந்த வேலையைச் செய்வதில்லை. இங்கே அதைச் செய்ய நினைப்பவர்கள் சொந்தக்காரர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அப்படியானால் சிக்கல் எங்கே? கல்யாணம் ஒன்று, அதை நிரூபிக்கும் காகிதம் ஒன்று. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. விமானிகளான இருவர், சடங்கு எதுவும் நடக்காமலேயே ஓர் அமைப்பிடம் சான்று வாங்கி, அதை வைத்து அரசுப் பதிவும் வாங்கியிருந்தார்கள். சடங்கு நடக்காத இடத்தில் இந்து திருமணமே இல்லை, சான்றிதழ் அதை உண்டாக்காது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தலைகீழாகவும் அதேதான்: பதியவில்லை என்பதற்காகக் கல்யாணம் செல்லாமல் போகாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவே சொல்கிறது. ஆகவே முதல் கேள்வி அங்கே நடந்தது சட்டம் ஏற்கும் கல்யாணமா என்பது. இரண்டாவது கேள்விதான் காகிதம். முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்ல முடிந்தவர்கள் அநேகமாக முதல் வழியிலேயே நின்றுவிடலாம்.

அந்த முதல் வழி, கேரளச் சான்றிதழ். எல்லா மதத் திருமணங்களையும் பதிவு செய்ய மாநிலங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்ன பிறகு, கேரளத்தில் 2008-ல் பொது விதிகள் வந்தன. அங்கே பதிவது நம்ம ஊர் மாதிரி பத்திர அலுவலகத்தில் இல்லை. பிறப்பு, இறப்பு பதியும் அதே பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில். கல்யாணம் எந்த ஊர் எல்லைக்குள் நடந்ததோ அந்த உள்ளாட்சிதான். நடந்த 45 நாளுக்குள் மனு கொடுப்பது முறை. பிந்தினால் கட்டணத்தோடும் மேலதிகாரி அனுமதியோடும் பதியலாம். குருவாயூரில் 2024 செப்டம்பரில் ஒரே நாளில் 350-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. அப்படிப்பட்ட கூட்டத்தில் மாலை மாற்றி, சாப்பிட்டு, ரயில் பிடித்து ஊருக்கு வந்துவிடுகிறவர்கள் கோயில் ரசீதையே சான்றிதழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரசீது பதிவுக்கான ஆதாரம் மட்டும்தான். தேவஸ்வம் என்கிற கோயில் நிர்வாகம் தரும் சான்று, சர்ச் சான்று, ஜமாஅத் சான்று எல்லாவற்றுக்கும் அதே நிலை. அதைக் கொண்டுபோய் உள்ளாட்சியில் கொடுத்தால்தான் அரசுச் சான்றிதழ் வரும்.

இப்போது இதற்குக் கே-ஸ்மார்ட் என்ற இணையத்தளம் இருக்கிறது. வீடியோ வழியாகவே ஆளை உறுதிசெய்யும் வசதியும் கொடுத்திருக்கிறார்கள். முன்னே மாதிரி இரண்டு பேரும் சாட்சிகளோடு லீவு போட்டுவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே "அங்க போறது சிரமம், இங்கயே பதிஞ்சிரலாம்" என்ற வாதம் பாதி பலம் இழந்துவிட்டது.

இந்த வழியில் உண்மையான தொல்லை பெயரில்தான் வரும். நம்ம பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கிடக்கும். கேரள அலுவலகத்தில் கொடுத்த ஆதாரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு "ழ" வேறு எழுத்தாகிவிடும். அந்தத் தவறைத் திருநெல்வேலியில் யாரும் திருத்தித் தர முடியாது; எந்தப் பதிவாளர் எழுதினாரோ அவர்தான் திருத்த வேண்டும். ஆகவே மனு போடும்போதே பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதே எழுத்தைப் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பள்ளிச் சான்றிதழைப் பின்பற்றுவது நல்லது. ஆதாரைத் திருத்துவது சுலபம், பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு.

இதில் இன்னொரு பயமும் பலருக்கு உண்டு: நாளைக்கு ஏதாவது வழக்கு என்று வந்தால் கேரளக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமோ என்று. வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி கல்யாணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதுவாகவும் இருக்கலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் இடத்திலும் போடலாம். இது 2003-ல் சேர்த்தது. சான்றிதழ் எந்த ஊரில் வாங்கியது என்பது இதில் எதையும் மாற்றாது.

இரண்டாவது வழியை வேகமாகக் கடந்துவிடலாம். தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் திருமணப் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 90 நாளுக்குள் பதிய வேண்டும். விட்டால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். முதலில் கல்யாணம் நடந்த இடத்துச் சார்பதிவாளரிடம்தான் பதிய முடியும் என்று இருந்ததை, 2020-ல் திருத்தி, கணவனோ மனைவியோ குடியிருக்கும் இடத்திலும் பதியலாம் என்றார்கள். இதைப் பிடித்துக்கொண்டுதான் "கேரளத்துல நடந்தா என்ன, வீடு இங்கதானே இருக்கு" என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை தமிழ்நாடுதான் என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 2020 திருத்தம் கோவையில் கல்யாணம் செய்து அம்பாசமுத்திரத்தில் குடியிருப்பவருக்குத் தோதானது. குருவாயூர்க் கல்யாணத்தைக் கொண்டுபோனால் சார்பதிவாளர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே என்ன நடந்தது என்று அவர் யாரிடம் விசாரிப்பார்? இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவு வழிப் பதிவு இதைவிடக் கொஞ்சம் இளக்கமானது. அதில் குடியிருக்கும் இடத்தை வைத்தும் மனு போடலாம், பழைய கல்யாணங்களையும் பதியலாம். கேரளத்தில் பதியவே இல்லை, அங்கே போய் ஆதாரம் திரட்டவும் வழியில்லை, இரண்டு பேரும் இந்துக்கள் என்றால் இதைக் கேட்டுப் பார்க்கலாம். கேரளச் சான்றிதழ் கையில் இருக்கும்போது இதைச் செய்வது வீண் செலவு. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மாநிலத்தில் இரண்டு பதிவு எண் இருந்தால், எதைக் காட்டினாலும் மற்றதைப் பற்றிக் கேட்பார்கள்.

மூன்றாவது வழிதான் நம்ம ஊரில் ரொம்பப் பிரபலம். "இங்க ஒரு தடவ தாலிய எடுத்துக் கட்டிட்டா முடிஞ்சுபோச்சு" என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு வசதியும் இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம், ஏழடி வேண்டாம். உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் கணவன், மனைவி என்று ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும். உச்ச நீதிமன்றம் 2001-லும் இதை உறுதி செய்தது. 2023-ல் இன்னொரு தீர்ப்பில், இதற்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றது. வக்கீல்கள் நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக நிற்கலாம், ஆனால் வக்கீல் என்ற தொழில் ஹோதாவில் கல்யாணம் நடத்திவைக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் வந்தது. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் ஆசை வருகிறது.

ஏன் வேண்டாம் என்கிறேன்? தேதி. கொல்லத்தில் 2021-ல் கல்யாணம், 2022-ல் குழந்தை, 2024-ல் நெல்லையப்பர் கோயில் பக்கத்து மண்டபத்தில் "கல்யாணம்", அந்தத் தேதியில் பதிவு என்று வைத்துக்கொள்வோம். இப்போது காகிதத்தின்படி குழந்தை கல்யாணத்துக்கு முன்னே பிறந்தது. கணவன் வேலையில் குடும்ப விவரம் கொடுத்தது 2021 தேதியில். காப்பீட்டில் ஒரு தேதி, விசா மனுவில் ஒரு தேதி. கணவன் திடீரென்று போய்விட்டால் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி அலையும்போது இந்த இரண்டு தேதியையும் தூக்கி முன்னால் வைப்பார்கள். சொத்துத் தகராறு வந்தால் கொழுந்தன் வக்கீலுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. இன்னொன்று, பதிவுப் படிவத்தில் "திருமணத்துக்கு முன் நிலை" என்ற இடத்தில் திருமணமாகாதவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அது பொய். ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும், வராத சொந்தத்தைக் கூப்பிட வேண்டும் என்றால் தாராளமாக ரிசப்ஷன் வையுங்கள், மாலை மாற்றுங்கள், போட்டோ எடுங்கள். அதைக் கல்யாணம் என்று பதியாதீர்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது இந்த எல்லை விஷயத்தோடு நேரடியாகத் தொட்டது. 7-ஏ பிரிவு தமிழ்நாட்டுத் திருத்தம். திருவனந்தபுரத்தில் ஒரு ஹாலைப் பிடித்து, தலைவர் ஒருவர் முன்னிலையில் மாலை மட்டும் மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட நெல்லைக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் செய்திருந்தால் அது கேள்விக்கு இடமில்லாத கல்யாணம். கேரள மண்ணில் செய்ததால், அங்கே நிற்பது 7-வது பிரிவு மட்டும்தான். அது இருவரில் ஒருவர் தரப்பு வழக்கச் சடங்கைக் கேட்கிறது. தாலி கட்டியிருந்தால் அது எங்கள் சமூக வழக்கம் என்று காட்டிவிடலாம். மாலையும் உறுதிமொழியும் மட்டும் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கையை வைப்பார். கல்யாணத்தின் அடித்தளமே ஆடும் இப்படிப்பட்ட இடத்தில், சான்றிதழ் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. ஆனால் அதற்கும் மூன்றாவது வழியைவிட நாலாவது வழி நல்லது. முதலில் நடந்ததை மறைக்காமல் அதன்மேலேயே கட்டலாம்.

நாலாவது வழி, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவு. இந்தச் சட்டம் என்றதும் எல்லோரும் புதிதாகச் செய்யும் ரிஜிஸ்டர் கல்யாணத்தையே நினைக்கிறார்கள். ஏற்கெனவே வேறு முறையில் நடந்த கல்யாணத்தை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்குத்தான் 15-வது பிரிவு. அது முக்கியமாகக் கேட்பது: இருவருக்கும் ஏதோ ஒரு முறையில் திருமணச் சடங்கு நடந்து, அன்றிலிருந்து கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், வேறு துணை உயிரோடு இருக்கக் கூடாது, பதியும் நாளில் இருவருக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும், மனு கொடுப்பதற்கு முன் குறைந்தது 30 நாள் அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். பிறகு 30 நாள் அறிவிப்பு, ஆட்சேபணை வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு பதிவு. எல்லை என்றால் அந்த அலுவலருக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. கடையநல்லூரில் இருந்துகொண்டு பாளையங்கோட்டையில் மனு போட நினைப்பவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனியுங்கள், சடங்கு "நடந்திருக்க வேண்டும்" என்றுதான் கேட்கிறது. எந்தச் சடங்கு, கேரளத்திலா, தமிழ்நாட்டிலா என்று கேட்கவில்லை. ஆகவே வேறு மாநிலத்தில் நடந்த கல்யாணத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு கெட்டிப்படுத்த இருக்கும் நேரான கதவு இதுதான்.

யாருக்கு இது கட்டாயம் என்றால், மதம் வேறான தம்பதிக்கு. நம்ம பக்கம் இந்துப் பையன், கிறிஸ்தவப் பெண் என்பது அபூர்வமில்லை. இருவரும் போய்க் கேரளத்தில் ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். அங்கே 2008 விதிகளின்படி பதிவதற்கு மதம் தடையில்லை, சான்றிதழும் கிடைத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டும்தான். மதம் மாறாத கிறிஸ்தவருக்கும் இந்துவுக்கும் அந்தச் சட்டப்படி நடந்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தும் கல்யாணம் காற்றில் நிற்கும் நிலை இதுதான். இவர்கள் அலட்சியம் பண்ணாமல் 15-வது பிரிவுக்குப் போக வேண்டும். பதிவானதும் அது இந்தச் சட்டப்படி நடந்த திருமணமாகவே கருதப்படும். சடங்குக்குப் பின் பிறந்த குழந்தைகளின் உரிமையையும் 18-வது பிரிவு பார்த்துக்கொள்கிறது.

சர்ச் கல்யாணம் பற்றி ஒரு சின்ன விஷயம். 1872-ம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்று இடம் கொடுக்கிறது. பாளையங்கோட்டையில் சர்ச்சில் நடந்த இந்து–கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு அந்த நிழல் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் 1956-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த நிலப்பகுதியை விட்டுவிட்டுத்தான் பேசுகிறது. திருவனந்தபுரத்தில், கொல்லத்தில் நடக்கும் சர்ச் கல்யாணம் அந்தந்தச் சபையின் வழக்கப்படி நிற்பது. இருவரும் கிறிஸ்தவர் என்றால் கவலையில்லை. ஒருவர் மட்டும் என்றால், பாளையங்கோட்டை உதாரணத்தைக் காட்டித் தேற்றிக்கொள்ள முடியாது.

முஸ்லிம் தம்பதிகளுக்கு நிக்காஹ் செல்லுபடியாவதில் சந்தேகமே இல்லை; கேரள ஜமாஅத் பதிவும் உள்ளாட்சிச் சான்றும் போதும். அவர்களில் சிலர் 15-வது பிரிவைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. இந்தச் சட்டத்துக்குள் வந்தால் வாரிசுரிமை 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறிவிடும். பெண் குழந்தைகள் மட்டும் உள்ளவர்கள் முழுச் சொத்தும் மகள்களுக்கே போக வேண்டும் என்று நினைத்தால் இது ஒரு வழி. காசர்கோடு பக்கத்து வழக்கறிஞரும் நடிகருமான சி. ஷுக்கூர், 2023 மார்ச் 8-ல் தம் மனைவியோடு இப்படி மறுபடி பதிந்து பெரிய விவாதமாயிற்று. சரியா தப்பா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அறியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு திகைக்கக் கூடாது. இருவரும் இந்துக்கள் என்றால் இந்த மாற்றம் வராது. 1976-ல் சேர்த்த 21-ஏ பிரிவின்படி அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும்.

இனி இந்த வழி அடைபடும் இடம். நம்ம பக்கம் பாதிக் கல்யாணம் முறையில்தானே நடக்கிறது? அத்தை மகன், மாமன் மகள், சில வீடுகளில் தாய்மாமனே மாப்பிள்ளை. இந்து திருமணச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இவை எல்லாமே இருக்கின்றன. வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்ற விலக்கு இருப்பதால்தான் நம் கல்யாணங்கள் நிற்கின்றன. 15-வது பிரிவிலும் இப்படி ஒரு தடை உண்டு; ஆனால் அங்கே அந்த விலக்கு 1955 ஜனவரி 1-க்கு முன்னால் நடந்த கல்யாணங்களுக்கு மட்டும்தான். அதாவது முறைப்பெண்ணைக் கட்டியவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று இந்தக் கதவைத் தட்டினால், இல்லாத வம்பை எழுதிக் கொடுத்து வாங்கிய மாதிரி ஆகும். அவருடைய கல்யாணம் வழக்கத்தின் பலத்தில் நன்றாகவே நிற்கிறது. கேரளச் சான்றிதழோடு பேசாமல் இருந்துவிட வேண்டும். வயது விஷயமும் அப்படித்தான்: 19 வயதுப் பெண்ணின் கல்யாணம் சட்டப்படி சரி, ஆனால் 15-வது பிரிவில் பதிய அவர் 21 வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 30 நாள் அறிவிப்பு. வீட்டாருக்குச் சொல்லாமல் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களுக்கு, பெயரும் விலாசமும் ஒரு மாதம் அலுவலகப் பலகையில் தொங்குவது என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நடந்த ஆணவக் கொலையை ஊர் மறக்கவில்லை. கேரளப் பதிவுத்துறை இப்படிப்பட்ட அறிவிப்புகளை இணையத்தில் போடுவதை 2020-லேயே நிறுத்தியதும், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-ல் தம்பதி கேட்டால் மட்டும் வெளியிட்டால் போதும் என்றதும் இந்த ஆபத்தை நினைத்துத்தான். அந்தத் தீர்ப்பை வைத்து இங்கே ஒரு சார்பதிவாளர் பலகையில் ஒட்டாமல் விட்டுவிடுவார் என்று நம்பிப் போகக் கூடாது. இருவரும் இந்துக்களாக இருந்து, வழக்கச் சடங்கோடு கேரளத்தில் தாலி கட்டிப் பதிந்தும் விட்டார்கள் என்றால், கையில் இருக்கிற சான்றிதழே இவர்களுக்கு எல்லாவற்றிலும் பத்திரமான வழி. அதன் நகலை ஊருக்கு வருவதற்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகர எல்லை என்றால் ஆணையருக்கும் மனுவோடு அனுப்பிவிடுங்கள். சாதி மறுப்புத் தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. பாதுகாப்பு தருவது போலீஸ் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் விரிவாகவே எழுதியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி இந்தக் கல்யாணத்தை "ரத்து" செய்ய யாருக்கும் அதிகாரமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. விசாவுக்குச் சான்றொப்பம் வேண்டுமென்றால், சான்றிதழைக் கொடுத்த மாநில அரசு முதலில் ஒப்பமிட வேண்டும், பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். கேரளச் சான்றிதழுக்குச் சென்னையில் ஒப்பம் வாங்க முடியாது, கேரளத்தில்தான் வாங்க வேண்டும். நெல்லைக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் இதை நான் குறையாகவே எண்ணவில்லை. சவூதி, ஓமன், பஹ்ரைன், அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்றொப்ப முத்திரையை ஏற்கும் நாடுகள். அமீரகம், கத்தார், குவைத் என்றால் தூதரக ஒப்பமும் சேர்த்து வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், விசாத் தேதி குறித்த பிறகு சான்றிதழில் எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. பிழை இருந்தால் இன்றைக்கே கே-ஸ்மார்ட்டில் திருத்த மனுவைப் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் என்றால் அவசரமில்லை. திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்பதை 2016 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக, கேரளத்தில் எப்போதோ கல்யாணம் ஆகி, எந்தப் பதிவும் இல்லாமல் பேரன் பேத்தி எடுத்துவிட்ட பெரியவர்கள். பிள்ளைகள் இவர்களைக் கூட்டிக்கொண்டு பத்திர ஆபீஸுக்கு அலைவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்தால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு அது போதும். ஓய்வூதியத்துக்குச் சான்றிதழ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மட்டும், கல்யாணம் நடந்த ஊர் உள்ளாட்சியில் தாமதப் பதிவுக்கு மனு கொடுங்கள். உண்மையான தேதியையே எழுதுங்கள்.